நான் போட்ட ஊத்து எங்கக்கா?

போன வருடம் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியின் கணினி அறையில், யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குப் பயிற்சி ஒன்று நடத்தினேன். சனிக்கிழமை மதியம், இருபது பேர் இருப்பார்கள். வீட்டுக் கூரையை வரைவது, தெருவோடு தெருவை இணைப்பது, பெயர் போடுவது என்று வழக்கமான பாடம்தான். முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். பாம்பன் பக்கம், தென்கடல் ஓரத்து ஊர். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா?" என்று போனை நீட்டினாள். திரையில் அவள் ஊர். "இங்க நான் மூணு ஊத்து போட்டிருந்தேன். இப்ப ஒண்ணுகூட இல்ல. நான் போட்ட ஊத்து எங்கக்கா?"

மூலையில் தெரிந்த பயனர் பெயரைப் பார்த்ததுமே எனக்கு நினைவு வந்துவிட்டது. அந்த மூன்றையும் அழித்தது நான்தான். அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "பார்த்துச் சொல்றேன்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் சரிக்கா என்று போய்விட்டாள். வீட்டுக்கு வந்தும், சாப்பிட உட்கார்ந்தும், அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நடந்தது இதுதான். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் வரைபடத்தில் யார் எதை மாற்றியிருந்தாலும், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை பார்த்துவிடுவேன். யாரும் கொடுத்த பொறுப்பு கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் மூழ்கிய தெருக்களை மக்களே குறிக்கிற மாதிரி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வரைபடம் வந்தது. அதைப் பார்த்துத்தான் நான் கணக்குத் தொடங்கினேன். சென்னைக்குச் செய்ததை நம் ஊருக்கும் செய்யலாமே என்று ஆரம்பித்து, அப்படியே பழகிப்போனது. பயிற்சிக்கு நாலு மாதம் முந்தி ஒரு ராத்திரி இந்தப் பெண்ணின் சேஞ்ச்செட், அதாவது ஒரே தடவையில் சேமித்த மாற்றங்களின் தொகுப்பு, கண்ணில் பட்டது. ஒரே மூச்சில் நூற்றுக்கும் மேல் மாற்றங்கள். குறிப்பு எழுதுகிற இடத்தில் "எங்க ஊர்" என்று இரண்டே சொல்.

வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தெரு ஒரு வீட்டுக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியே வந்தது. ஊருக்குள் போகிற சிமெண்ட் ரோட்டுக்கு நெடுஞ்சாலை வகை போட்டிருந்தாள். ஒரு கூரைக்குப் பெயர் "சித்தி வீடு". இதெல்லாம் போகட்டும், கரைக்கோடு அறுந்திருந்தது. அதுதான் பெரிய விஷயம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கடலை யாரும் வரைவதில்லை. கரையை மட்டும் வரைகிறோம். கோடு போகிற திசைக்கு இடப்பக்கம் நிலம், வலப்பக்கம் கடல், அவ்வளவுதான் விதி. அந்தக் கோடு ஓரிடத்தில் அறுந்தாலோ திசை மாறினாலோ, எது கடல் எது தரை என்று கணக்குப் போடுகிற நிரலுக்குப் பிடிபடாது. ஒன்று, கோளாறு சரியாகும்வரை புதிய கரை வரைபடத்துக்கு வராமல் நிற்கும். இல்லையென்றால் ஊர் மேல் நீலம் ஏறிவிடும். அதனால் அதை உடனே ஒட்டினேன். ஒட்டின கையோடு வீடுகளைப் பிரித்து மூலைகளை நேராக்கினேன், ரோட்டின் வகையை மாற்றினேன், சித்தி வீட்டின் பெயரை எடுத்தேன். கடைசியில் கடற்கரை மணலில் கிணறு என்று மூன்று புள்ளிகள். செயற்கைக்கோள் படத்தில் அங்கே வெறும் மணல்தான். கடலுக்கு அத்தனை பக்கத்தில் கிணறா? நான் முதுகுளத்தூர்ப் பக்கம், கண்மாயும் ஊருணியும் பார்த்து வளர்ந்தவள். கை தவறிப் போட்டிருப்பாள் என்று நினைத்து அழித்தேன்.

மணி ஒன்றாகிவிட்டது. அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. நல்லது செய்த நிறைவோடு போய்ப் படுத்தேன்.

இனிமேல் செய்ய மாட்டேன்

ஏன் ஒரு வரி எழுதவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2018இல் தேவிபட்டினம் பக்கத்துத் தம்பி ஒருவன் ஆர்வமாக வரைய ஆரம்பித்தான். அவன் வேலையிலும் இதே மாதிரிப் பிழைகள். நான் உட்கார்ந்து ஒரு முழு மதியம் செலவழித்து அவனுக்கு ஒரு கடிதமே எழுதினேன். ஒன்பது பாயிண்ட். ஒவ்வொன்றுக்கும் எந்த இடம், என்ன பிழை, எப்படி இருக்க வேண்டும், படிக்க எங்கே போக வேண்டும். ஒன்பதும் சரி. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அதில் ஒரு தப்பு சொல்ல முடியாது. அவனிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது: "சரி மேடம், இனிமேல் செய்ய மாட்டேன்." தப்பைச் செய்ய மாட்டான் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூட விழவில்லை. எதைச் செய்ய மாட்டேன் என்று சொன்னான் என்பது சில மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். புதிதாக வருகிறவர்களிடம் பிழையைப் பற்றிப் பேசக்கூடாது, நாமே சத்தமில்லாமல் சரிசெய்துவிட வேண்டும். சின்னப் பிள்ளை கோலத்தில் ஒரு இழை கோணினால் அம்மா பின்னாலேயே வந்து விரலால் இழுத்துவிடுவாளே, அப்படி. அவர்கள் உற்சாகமும் கெடாது, வரைபடமும் கெடாது. பல வருடம் இதைத்தான் கருணை என்று நம்பியிருந்தேன். பயிற்சிக்கு உதவி செய்ய வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். எத்தனை பேர் முதல் வாரத்தோடு நின்றார்கள் என்று அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "படிப்பு இருக்கும், வேலை கிடைச்சிருக்கும்" என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சின்னக் கட்டம்

பயிற்சிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேஞ்ச்செட்டைத் திரும்பத் திறந்தேன். வரைபடத்தைத் திருத்தப் பயன்படுத்தும் ஐடி (iD) எடிட்டரில் வேலையைச் சேமிக்கும்போது கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். என் திருத்தங்களை யாராவது பார்த்தால் நல்லது என்று அதற்குப் பொருள். டிக் செய்தால் சேஞ்ச்செட்டோடு அதுவும் பதிவாகும். என்னைப் போன்றவர்கள் தேடி எடுக்க அது உதவும். இந்தப் பெண் அதை டிக் செய்திருந்தாள். அன்றைக்கே நான் அதைப் பார்த்திருந்தேன். அதனால்தான் அவள் வேலை என் பட்டியலில் மேலே வந்தது. "தப்பிருந்தா திருத்திருங்க" என்று அவள் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அவள் கேட்டது வேறு.

சாயங்காலம் போன் செய்து சொல்லிவிட்டேன். "உன் ஊத்தை எடுத்தது நான்தான்மா. படத்துல மணலா தெரிஞ்சுது, தப்பா விழுந்த புள்ளின்னு நினைச்சேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகப் பேசினாள். "அந்த டிக் போட்டா யாராச்சும் மெயில்ல சொல்வாங்கன்னு நினைச்சேன்க்கா. அண்ணன் போன்ல தினம் மெயில் பாத்தேன். ஒண்ணும் வரல. ஒரு நாள் படத்தைத் தொறந்தா எல்லாமே வேற மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு, அழகா இருக்கு. ஆனா நான் போட்டது எதுன்னே தெரியல. ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டேன் போல, அதான் ஒருத்தரும் பேசாம அழிச்சிட்டாங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் தொடப் பயமா இருந்துச்சு."

இந்தச் சொற்களை அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல்தான் இங்கே தருகிறேன். எட்டு வருடத்துக்கும் மேல் இந்த வேலையில் இருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் விட்டதும் அவளுக்கு ஒரு பதிலாகப் போய்ச் சேரும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தேவிபட்டினம் தம்பிக்காவது ஒன்பது பாயிண்ட் கிடைத்தது. எது தப்பு என்று தெரிந்துகொண்டு போனான். இவளுக்கு அதுவும் இல்லை. எது தப்பு, எது சரி, யார் மாற்றியது, ஏன் மாற்றியது, ஒன்றும் தெரியாமல் தன் ஊரின் படத்தை நாலு மாதம் தள்ளி நின்று பார்த்திருக்கிறாள். அப்படி இருந்தும் பயிற்சி என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறி வந்தாள் என்றால், அந்த மூன்று ஊத்துக்காகத்தான் வந்திருக்கிறாள்.

நம் ஊர்களில் பேசாமல் இருப்பதற்கு எப்போதுமே ஒரு அர்த்தம் உண்டு. வீட்டில் யாராவது நம்மிடம் பேசவில்லை என்றால் கோபம் என்று தெரியும். வாத்தியார் நோட்டைத் திருத்தி ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் வயிற்றைக் கலக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இணையத்தில் மட்டும் அதற்கு அர்த்தம் கிடையாது என்று எப்படி நினைத்தேன்?

பௌர்ணமிக்கு அடுத்த நாள்

"வந்து பாருங்கக்கா, ஊத்து இருக்கு" என்றாள். அடுத்த ஞாயிறு போனேன். உச்சிப்புளி, மண்டபம் தாண்டிப் பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போது இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் தென்கடல். ஒரே பாலத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நிறத்தில் தண்ணீர் கிடப்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அவள் அம்மா பாசி எடுக்கிறவர். அன்றைக்குக் காலையில்தான் கடலுக்குப் போய் வந்திருந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது. பாறையில் கை கிழியாமல் இருக்க அப்படிச் சுற்றிக்கொள்வார்களாம். "எங்க ஊத்தை அழிச்ச டீச்சர் இவங்கதான்" என்று மகள் சொன்னதும் அவர் சிரித்தார். "வாங்க டீச்சர், வந்து தண்ணி குடிச்சுப் பாருங்க."

ஊரைத் தாண்டி, மூன்று பனை நிற்கிற மேட்டைத் தாண்டி, கரைக்கு இறங்கினால் மணலில் ஒரு பள்ளம். இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. மணல் சரியாமல் சுற்றி ஒரு பழைய சிமெண்ட் உறையை இறக்கியிருந்தார்கள். அடியில் ஒரு சாண் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அம்மா குனிந்து கொட்டாங்கச்சியால் கலக்காமல் அலுங்காமல் அள்ளிக் குடத்தில் ஊற்றினார். நாலு தடவை அள்ளினதும் நிறுத்திவிட்டார். "கொஞ்சம் பொறுக்கணும் டீச்சர். அது ஊறி வரும். அவசரப்பட்டா உப்புத் தண்ணி மேல வந்துரும்." குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். நின்ற இடத்திலிருந்து அலைச் சத்தம் கேட்கிறது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட லேசாக இருப்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டி மெதுவாக எடுத்தால் நல்ல தண்ணீர், ஆழமாகப் போனால் உப்பு. இதை எந்தச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பது? மேலிருந்து பார்த்தால் அந்த உறை ஒரு புள்ளிகூடக் கிடையாது.

ஆனால் ஊத்து இருந்தது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அவள் போட்ட மூன்றில் ஒன்றைக் காணோம். "கச்சான் காத்துல மணல் மூடிருச்சு. திரும்பத் தோண்டுவோம். அதே எடத்துல இருக்காது" என்றார் அம்மா. உறை இறக்கினது ஓரளவு நிலையானது, மற்ற இரண்டும் வருடத்துக்கு வருடம் நகரும். இடம் மாறுகிற ஒன்றை வரைபடத்தில் போடலாமா? யார் போய்ப் பார்த்தாலும் அங்கே இருக்க வேண்டும் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை. இது அவளுக்குத் தெரியாது. ஊத்து எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசினோம். உறை உள்ளதைக் கிணறு என்று போடுவது, குடிக்கிற தண்ணீர் என்று சேர்ப்பது, பெயர் இடத்தில் ஒன்றும் எழுதாமல் விளக்கக் குறிப்பில் "மணல் ஊத்து" என்று எழுதுவது என்று முடிவானது. மற்ற இரண்டும் வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "உறை போடலேன்னாலும் அந்த எடத்துலதான்க்கா வருஷா வருஷம் தோண்டுறோம். பத்தடி இங்கிட்டு அங்கிட்டுதான்." அரைமணி நேரம் பேசியும் தீராமல், ஒன்றைப் போடலாம், ஒன்றை வேண்டாம் என்று நின்றது. அவள் சொன்னதுதான் சரியோ என்று இப்போதும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

அப்புறம் கரைக்கோட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அது அவள் செய்த தப்பு, அதைச் சொல்லாமல் வரக்கூடாது என்று தீர்மானித்தே போயிருந்தேன். அவள் கோட்டை அறுத்தது மட்டும் இல்லை. ஒட்டியிருந்த கரையையும் படத்தில் தண்ணீர் நின்ற ஓரத்துக்கே இழுத்திருந்தாள். படம் எடுத்த நேரம் வற்றம், தண்ணீர் உள்வாங்கியிருந்த நேரம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கரை என்பது பெரிய ஏற்றத்தில் தண்ணீர் தொடுகிற கோடு. இதை ஸ்கிரீனில் வைத்து எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், பாதிப் பேருக்குப் புரியாது. அன்றைக்கு ஒன்றும் விளக்காமல், "அமாவாசை பௌர்ணமிக்குத் தண்ணி எது வரைக்கும் ஏறும்?" என்று மட்டும் கேட்டேன். அவள் கையைக்கூட நீட்டவில்லை. நேரே போய் ஓரிடத்தில் நின்றாள். காய்ந்த பாசியும் சிப்பியும் தெர்மாகோல் துண்டும் சேர்ந்து மணலில் நீளமாக ஒரு வரிசை கிடந்தது. முந்தின நாள்தான் பௌர்ணமி. "இதுதான்க்கா." அவள் சொல்லி முடிக்குமுன் அவளுக்கே புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. "அப்ப நான் வரைஞ்சது அங்க..." என்று அலையடிக்கும் இடத்தைக் காட்டினாள்.

திசையைச் சொல்வது அதைவிட எளிதாக இருந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் பார்த்து இந்தத் தென்கரையில் நடந்தால் கடல் வலக்கைப் பக்கம். அப்படியே அரிச்சல்முனையைச் சுற்றி வடகரையில் திரும்பி வந்தாலும் கடல் வலக்கைப் பக்கம்தான். தீவைச் சுற்றி முடிக்கிறவரை அது மாறாது. அந்த மாதிரி வரை என்றேன். அவள் சிப்பி வரிசை மேலேயே கிழக்குப் பார்த்து நடந்து காட்டினாள், வலக்கையை நீட்டிக்கொண்டு. நான் எத்தனையோ தடவை ஸ்லைடில் போட்டுக் காட்டிய அம்புக்குறி அது.

அதற்குப் பின்னால்

அன்றிலிருந்து என் வழக்கத்தில் சில மாறின. புதியவர் ஒருவரின் வேலையைப் பார்த்தால் முதலில் எதையும் தொடுவதில்லை. கரைக்கோடு அறுந்திருந்தால் மட்டும் உடனே ஒட்டிவிட்டு, ஒட்டினேன் என்று அதே நிமிடம் எழுதிவிடுவேன். மற்றதெல்லாம் காத்திருக்கும். ஒரு வீடு தெருவில் ஏறி நின்றால் ஊருக்கு ஒன்றும் ஆகிவிடாது. முதல் செய்தியில் ஒரு கேள்விதான் இருக்கும், அதுவும் எனக்கு உண்மையிலேயே பதில் தெரியாத கேள்வி. "இந்த வாடியில் மீன் காயப்போடுவார்களா, பாசியா?" "இந்தப் பாதையில் டூவீலர் போகுமா?" பதில் வந்ததும் ஒரே ஒரு திருத்தத்தைச் சொல்வேன். அதை அவர்களையே செய்யச் சொல்வேன். அவர்கள் செய்து முடித்த பிறகுதான் அடுத்தது.

செய்தி போய்ச் சேருவதும் ஒரு பாடு. சேஞ்ச்செட்டில் கருத்து எழுதினால் அது மெயிலாகத்தான் போகிறது. கல்லூரிப் பிள்ளைகள் கணக்குத் தொடங்கக் கொடுத்த மெயிலை அப்புறம் திறப்பதே இல்லை. போனில் மெயில் பார்த்துக் காத்திருந்த இவள் அபூர்வம். அதனால் பயிற்சி முடிகிற அன்றே வாட்ஸ்அப்பில் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் குழுவில் ஒருவரின் பிழையைப் பற்றிப் பேசுவதில்லை. அது தனியாகத்தான். இன்னொன்று, தமிழில் எழுதுகிறேன். முன்பெல்லாம் சேஞ்ச்செட் கருத்து என்றால் கை தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடும். "எங்க ஊர்" என்று எழுதின பெண்ணுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதினால், அவள் செய்தது சரியோ தப்போ, அதைப் படிக்கும்போதே அவளுக்கு அது கலெக்டர் ஆபீஸ் கடிதம் மாதிரிதான் இருக்கும்.

மென்மையாகச் சொல்லக்கூடாத சில இருக்கின்றன. கீழக்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன் கூகுள் மேப்பைப் பார்த்து ஒரு தெரு முழுக்கக் கடைப் பெயர்களை ஏற்றியிருந்தான். அங்கிருந்து எடுப்பது உரிமை மீறல், மொத்தத்தையும் நீக்க வேண்டும். பிங் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைய 2010 முதல் அனுமதி இருக்கிறது, கூகுளுக்குக் கிடையாது. இதற்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவனுக்குப் போன் செய்து நேராகச் சொன்னேன். "தம்பி, இதை எடுக்கிறேன், காரணம் இது. உன் மேல கோபம் இல்ல. நாளைக்கு சாயங்காலம் அந்தத் தெருவுல நடந்து போயி போர்டைப் பார்த்துப் போடு." அவன் போய்ப் போட்டான். கூகுளில் இருந்ததில் இரண்டு கடைகள் மூடிப் போயிருந்தன என்று அவனே சொன்னான். "சித்தி வீடு" மாதிரி தனியார் வீட்டுக்குப் பெயர் போடுவதும் அப்படித்தான், எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டியது. யார் வீடு எது என்று உலகத்துக்குக் காட்டுவது அவர்கள் கேட்காத விஷயம்.

வெளியூரிலிருந்து வரைகிறவர்களிடம் பேசுவது வேறு மாதிரி. கல்லூரித் திட்டம் என்று எங்கோ உட்கார்ந்து நம் கரையை வரைகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். வாலிநோக்கம் பக்கத்து உப்பளப் பாத்திகளை இறால் பண்ணை என்று போடுவார்கள். தரவை என்று நாம் சொல்கிற வெட்டவெளி நிலம் முழுவதையும் வயல் என்று போடுவார்கள். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் காடு. அவர்களிடம் "இதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பயனில்லை, அவர்கள் பார்க்கவில்லை என்பதுதான் பிரச்சினை. அவர்களுக்கு விதிப் பக்கத்தின் இணைப்பை அனுப்புவதற்குப் பதில் ஒரு போட்டோ அனுப்புகிறேன். பாத்தி ஓரத்தில் உப்பு அம்பாரமாகக் குவிந்திருக்கிற படம், இறால் பண்ணையில் தண்ணீரைக் கடைந்துகொண்டு சக்கரம் சுற்றுகிற படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அப்புறம் மாற்றிப் போடுவதில்லை. இரண்டு பேர் நேரில் பார்க்கவே வந்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று என்னோடு வரைகிற நண்பர் ஒருவர் கேட்கிறார். ஒருத்தரிடம் இப்படிப் பேசுகிற நேரத்தில் பத்து ஊரைத் தானே திருத்திவிடலாம் என்கிறார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. நானும் பல வருடம் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பத்து ஊரிலும் எந்தப் பள்ளத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே ராத்திரியில் போன கரை இது. நாளைக்குப் புயல் வந்து குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் அந்தப் புள்ளிகளுக்குத்தான் ஆட்கள் குடத்தோடு போவார்கள். நேராக்கிய வீட்டு மூலைகளைத் தேடி யாரும் வரப்போவதில்லை. நண்பர் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரோடு இந்தப் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தேவிபட்டினம் தம்பிக்கும் போன மாதம் எழுதினேன். ஏழு வருடம் கழித்து. அந்த ஒன்பது பாயிண்ட் கடிதத்துக்காக வருந்துகிறேன் என்றும், அவன் அன்றைக்கு வரைந்த படகுத்துறை இன்றைக்கும் வரைபடத்தில் அப்படியே இருக்கிறது என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. அந்த மெயிலை அவன் இப்போது பார்ப்பதில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். அவன் ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அவனிடம் சொல்லுங்கள்.

ஊத்தைத் திரும்பப் போடும்போது ஒன்றைக் கவனமாகச் செய்தேன். புதிதாக ஒரு புள்ளி வைத்திருந்தால் அரை நிமிட வேலை. ஆனால் அதன் வரலாறு என் பெயரில் தொடங்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அழித்தது எதுவும் உண்மையில் போய்விடுவதில்லை, பழைய பதிப்புகள் எல்லாம் அடியில் இருக்கும். அதனால் அழித்ததை மீட்கிற கருவியை வைத்து அவளுடைய பழைய புள்ளியையே எழுப்பினேன். இப்போது அந்தப் புள்ளியைத் திறந்து வரலாற்றைப் பார்த்தால் வரிசையாகத் தெரியும். முதல் பதிப்பு, அவள் வைத்தது. இரண்டாவது, நான் அழித்தது. மூன்றாவது, நான் மீட்டது. நான்காவது, அவள் விளக்கக் குறிப்பு சேர்த்தது. போன வாரம் ராத்திரி வழக்கம்போலப் பட்டியலைப் பார்க்கும்போது ஐந்தாவதும் வந்திருந்தது. புள்ளி கொஞ்சம் கிழக்கே நகர்ந்திருந்தது. சேஞ்ச்செட் குறிப்பில் எழுதியிருந்தாள்: "பழைய உறை சாஞ்சிருச்சு. புதுசா இறக்கியாச்சு, பனைக்கு நேர் கீழ. அம்மா காலைல தண்ணி எடுத்தாங்க."

அந்தச் சின்னக் கட்டத்தை இந்தத் தடவை அவள் டிக் செய்யவில்லை. ஆனாலும் நான் ஒரு கருத்து எழுதினேன். தண்ணீர் இனிப்பாக இருக்கிறதா என்று கேட்டேன்.